இசக்கிசெல்விக்கு வைத்த மூன்று பேனர்கள்

இசக்கிசெல்வி இறந்தது 2024 மார்ச் மாதம் நான்காம் தேதி, திங்கட்கிழமை, காலை ஆறு மணி இருபது நிமிடத்துக்கு. அந்த நேரத்தில் அவள் ஏழாம் நம்பர் கம்பெனி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தாள். பென்னலூரில் ஏறிய பஸ் ஒரகடம் சாலையில் திரும்பி க்ளாரிவோ தொழிற்சாலையை நெருங்கியது. கார்க் கண்ணாடியைத் துடைக்கும் வைப்பர் செய்யும் இடம் அது. ஊர் வாயில் அதற்கு வைப்பர் கம்பெனி என்று பெயர். மதிலுக்கு வெளியே சாரத்தில் நின்ற இரண்டு ஆட்கள் இருபதடி நீள பேனர் ஒன்றின் கடைசிக் கயிற்றை இழுத்துக் கட்டி முடித்தார்கள். பேனரில் அவள் முகம் இருந்தது. டிரைவர் பஸ்ஸை ஓரங்கட்டிப் பாட்டை நிறுத்தினார். பெண்கள் ஒவ்வொருவராக எழுந்து பார்த்தார்கள். பக்கத்து சீட்டில் இருந்த மாரிசெல்வி நாலு வருஷமாக அவளோடு ஒரே அறையில் தங்கியிருந்தவள். அவள் பேனரைப் பார்த்தாள், இசக்கிசெல்வியைப் பார்த்தாள், மறுபடியும் பேனரைப் பார்த்தாள். பிறகு வாயிலும் வயிற்றிலும் அடித்துக்கொண்டு முன்பக்கம் ஓடிப்போனாள்.

"ஏட்டி, நான் இங்கனதான இருக்கேன்?" என்று இசக்கிசெல்வி கேட்டாள். செத்தவர் கூப்பிட்டால் ஏன் என்று கேட்கக் கூடாது என்பது அந்த பஸ்ஸில் இருந்த நாற்பத்திரண்டு பேருக்கும் தெரிந்த விஷயம். எல்லோரும் இறங்கிய பிறகு அவள் கடைசியாக இறங்கினாள். படியிலிருந்து எடுத்துவைத்த கால் தரைக்கு இரண்டு விரல்கடை மேலேயே நின்றுவிட்டது. இன்னும் ஒரு படி இருக்கிறதாக்கும் என்று நினைத்து மறு காலையும் வைத்தாள். அதுவும் அங்கேயே நின்றது. பேய்க்குக் கால் பாவாது என்பது அவள் பிறந்த வள்ளியூர்ப் பக்கத்தில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். அநியாயமாகச் செத்த பெண் இசக்கியம்மனாக நிற்பாள் என்பதும் தெரியும். பெயரும் அதற்குத் தோதாகவே இருந்தது.

பார்த்தவர்கள்மேல் குற்றம் சொல்ல முடியாது. பேனருக்குக் கறுப்புக் கரை. நடுவில் சிரிக்காத முகத்தோடு கறுப்பு வெள்ளையில் அவள் படம். படத்தைச் சுற்றிச் செண்டுமல்லி மாலை, கீழே இரண்டு பக்கமும் சுடர்விடும் விளக்கு, மேலே இரண்டு மூலையிலும் ஒவ்வொரு கண், ஒவ்வொரு கண்ணுக்கும் கீழே ஒரு சொட்டுத் தண்ணீர். படத்தின் இடப்பக்கம் 10.06.2019, வலப்பக்கம் 04.03.2024. அடியில் பெரிய எழுத்தில் 'என்றும் எங்கள் பார்வையில்'. இந்தச் சாலையில் குடியிருக்கும் யாரும் இப்படி ஒன்றைக் கண்டால் முதலில் செருப்பைக் கழற்றுவார்கள். யார் என்று அதன்பிறகுதான் கேட்பார்கள்.

உண்மையில் அது ஆண்டின் சிறந்த தொழிலாளிக்குக் கம்பெனி வைத்த பாராட்டு. அதை எப்படி வரைய வேண்டும் என்பதற்குக் கடல்கடந்த தலைமை அலுவலகத்திலிருந்து நூற்று அறுபது பக்கத்தில் ஒரு புத்தகம் வந்திருந்தது. கம்பெனியின் சின்னமே கண்ணும் துளியும்தான்: கண் தெளிவான பார்வைக்கு, துளி மழைக்கு, இரண்டும் சேர்ந்தால் வைப்பர். கறுப்பு கண்ணியத்தைக் குறிக்கும், எனவே கரை கறுப்பு. மனிதர் படங்கள் நிறமில்லாமல் இருந்தால் காலத்தைக் கடந்து நிற்கும், எனவே கறுப்பு வெள்ளை. இந்தியாவுக்கு என்று தனியாக எழுதப்பட்ட அத்தியாயத்தில், செண்டுமல்லி வரவேற்பையும் விளக்கு அறிவையும் குறிக்கும் என்று கண்டிருந்தது. அதை எழுதிய பண்பாட்டு நிபுணர் ஜெய்ப்பூர் ஓட்டல் ஒன்றில் பதினோரு நாள் தங்கியவர். முதல் தேதி அவள் வேலைக்குச் சேர்ந்த நாள், இரண்டாவது விருது கொடுத்த நாள். தனித்தனியாக எடுத்துப் பார்த்தால் எதிலும் பிசகு இல்லை.

பிசகு முதலில் தெரிந்தது லிடியாவுக்கு. ஸ்ரீபெரும்புதூர் பஸ் நிலையத்துக்குப் பின்சந்தில் பேனர் அச்சடிக்கும் கடை வைத்திருந்தவள் அவள். கம்ப்யூட்டரில் வரைவது அவள், மெஷினை ஓட்டுவது அவள் அப்பா மரியஜோசப். பத்து வருஷமாகக் காதுகுத்து, மஞ்சள்நீர், கல்யாணம், கட்சி, கண்ணீர் அஞ்சலி எல்லாம் அவள் கை வழியாகத்தான் அந்த ஊரின் மதில்களுக்குப் போயின. கம்பெனி அனுப்பிய படத்தைத் திறந்து பார்த்த கையோடு மனிதவள மேலாளர் பரசுராமனுக்குப் போன் போட்டாள்.

"சார், இது சாவு பேனர் சார். அந்தப் பொண்ணு உயிரோடதான கீது?"

பரசுராமன் காஞ்சிபுரத்துக்காரர். இரண்டு வருஷம் முன்பு தன் தகப்பனாருக்கு இதே கரையில், இதே விளக்கோடு ஒன்று கட்டியவர். படம் வந்த அன்றைக்கே அவருக்கும் புரிந்துவிட்டது. ஆனால் புத்தகத்தின் முதல் பக்கத்தில், உள்ளூரில் எதையாவது மாற்றுகிறவர்மேல் ஒழுங்கு நடவடிக்கை உண்டு என்று போட்டிருந்தது. "டிசைனுக்கு அர்த்தம் சொல்றதுக்கு அங்க ஆள் இருக்காங்க. நீ பிரிண்ட் பண்றவ, பிரிண்ட் பண்ணு. முடியலன்னா சொல்லு, உன்ன மாதிரி பத்து கடை இருக்கு" என்று வைத்துவிட்டார். லிடியா அச்சடித்தாள். பேனர் மெஷினிலிருந்து இறங்கும்போது மரியஜோசப் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார்.

அன்று காலை இசக்கிசெல்வியை லைனுக்குள் விடவில்லை. அவள் வேலை பார்த்த பிரிவில் மோட்டாருக்கான சர்க்யூட் அட்டைகள் இருந்ததால், உள்ளே போகிறவர் ஒவ்வொருவரும் வாசலில் ஓர் இரும்புத் தட்டின்மேல் ஏறி நிற்க வேண்டும். உடம்பில் உள்ள மின்சாரம் பாதம் வழியாகத் தரைக்கு இறங்கினால் பச்சை விளக்கு எரிந்து கதவு திறக்கும். அவளுக்குச் சிவப்பு எரிந்தது. மூன்று தடவை ஏறினாள், மூன்று தடவையும் சிவப்பு. சூப்பர்வைசர் குனிந்து பாதத்துக்கும் தட்டுக்கும் நடுவில் ஸ்கேலை விட்டுப் பார்த்து, முப்பத்தாறு மில்லிமீட்டர் என்று குறித்துக்கொண்டார். புதன்கிழமை வாடிக்கையாளர் தணிக்கைக்கு வருகிறார்கள், தரையில் நிற்காத ஆளை வைத்துக்கொண்டு கையெழுத்து வாங்க முடியாது, வெளியே போய் இரு என்றார். பரசுராமன் அவளைப் பார்க்கவே வரவில்லை. இசக்கிசெல்வி நீண்ட விடுப்பில் இருக்கிறார் என்று சாயங்காலம் ஓர் அறிவிப்பு ஒட்டப்பட்டது. அதைப் படித்த பிறகு, நம்பாமல் இருந்த ஒன்றிரண்டு பேரும் நம்பிவிட்டார்கள்.

பென்னலூர் ஹாஸ்டலில் அவளுடைய பெட்டி கேட்டுக்கு வெளியே இருந்தது. ஹாஸ்டல்கார அம்மா வாசலில் மாதா கோயில் தீர்த்தம் தெளித்துக்கொண்டிருந்தாள். "இன்னாமா, நான் இன்னா பண்ண சொல்ற? செத்த பொண்ண உள்ள வுட்டா மத்த பொண்ணுங்க ராவைக்குத் தூங்குமா? அழுது அழுது எனக்கே தலைய நோவுது. நல்லபடியா போய்ச் சேரு" என்றாள். ஜன்னலில் மாரிசெல்வியின் முகம் தெரிந்தது. இசக்கிசெல்வி கையை ஆட்டியதும் ஜன்னல் சாத்தப்பட்டது. அவளுடைய கட்டிலுக்கு மறுநாளே புதுக்கோட்டைப் பெண் ஒருத்தி வந்துவிட்டாள்.

செவ்வாயன்று தென்மாவட்டத்துப் பையன்கள் அறுநூறு பேர் ஒரகடம் சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள். அருள்பாண்டி என்ற வெல்டர் அவர்களுக்குத் தலைமை. எங்கள் ஊர்ப் பிள்ளையைக் கொன்றது எந்த மெஷின், உடம்பை எங்கே மறைத்தீர்கள், குடும்பத்துக்குப் பதில் சொல் என்று முழங்கினார்கள். அந்தக் கூட்டத்தின் நடுவில் இசக்கிசெல்வி போய் நின்றாள். அவள் நின்ற இடத்தில் கூட்டம் தானாக விலகி வட்டமாயிற்று. அருள்பாண்டி மட்டும் கிட்டே வந்து, முகத்தைப் பார்க்காமல் பேசினான். "எக்கா, நாங்க உனக்காவத்தான் வெயில்ல கெடக்கோம். நீ இப்பிடி ஊடால வந்து நின்னா கேசு நிக்குமா? செத்தவ செத்த மாதிரி இருக்காண்டாமா? ரெண்டு நாளைக்குக் கண்ணுல படாத." போலீஸ் வந்து எல்லோரையும் வேனில் ஏற்றியது. அவளை ஏற்றவில்லை, எண்ணும்போது அவளைத் தாண்டி எண்ணினார்கள். புதன்கிழமை காலை கம்பெனி பேனரைக் கழற்றிவிட்டது. கழற்றி என்ன பயன், அதற்குள் அது கோயம்பேட்டிலிருந்து கன்னியாகுமரிவரை எல்லோருடைய போனிலும் இருந்தது. மதிலில் கயிறு கட்டிய ஆணிகளுக்கு யாரோ குங்குமம் வைத்தார்கள். கான்ட்ராக்டில் இருந்து நிரந்தரமாக வேண்டும் என்று வேண்டிக்கொண்டு அங்கே சூடம் கொளுத்துகிறவர்களும் தோன்றினார்கள்.

வியாழக்கிழமை அவள் அப்பா பெருமாள்சாமி வந்தார். ஊரில் துட்டி கேட்க வந்தவர்களுக்கு நாற்காலி போட்டு, மூன்றாம் நாள் காரியத்தை முடித்துவிட்டு, கிளாம்பாக்கத்தில் இறங்கி ஒரகடத்துக்கு டவுன் பஸ் ஏறி வந்திருந்தார். மூன்று நாளும் அவள் போன் செய்தபோதெல்லாம், "பேசாத தாயி, பயமா இருக்கு" என்று வைத்தவர். மதிலோரத்தில் அவளைக் கண்டதும் பத்தடி தூரத்தில் நின்றார். பிறகு மெல்ல வந்து, தரையில் மண்டியிட்டு, அவளுடைய பாதத்துக்கும் மண்ணுக்கும் நடுவில் கையை நுழைத்தார். கை தடையில்லாமல் உள்ளே போய் மறுபக்கம் வந்தது. அவர் அப்படியே குனிந்து கொஞ்ச நேரம் அழுதார்.

"எப்பா, எந்திரிங்க. எனக்கு ஒண்ணும் ஆவல. வாங்க, ஊருக்குப் போவோம்."

அவர் எழுந்து துண்டால் முகத்தைத் துடைத்தார். "ஊருக்கு மட்டும் வந்துராத தாயி. தங்கச்சிக்குப் பேசி முடிச்சிருக்கு. சாவு விழுந்த வீட்டுலயாவது பொண்ணு எடுப்பான். பேய் நடமாடுத வீட்டுல எவன் எடுப்பான்?" அவர் மடியிலிருந்து ஒரு முழம் மல்லிகைப்பூவை எடுத்து, அவளிடம் தராமல், குங்குமம் வைத்த ஆணியில் மாட்டிவிட்டு பஸ் ஏறினார். இசக்கிசெல்விக்கு அழுகை வரவில்லை. யாரையாவது அடிக்க வேண்டும் போல் இருந்தது. பேனரின் மூலையில் பொடி எழுத்தில் அச்சகத்தின் பெயர் இருந்தது அவளுக்கு நினைவு வந்தது.

மறுநாள் காலை லிடியாவின் கடைக்குள் நுழைந்தவள் கும்பிடவும் இல்லை, உட்காரவும் இல்லை. "என் மூஞ்சிக்கு மாலை போட்டது நீதான?" என்றாள்.

லிடியா அவள் முகத்தைப் பார்த்தாள், காலைப் பார்த்தாள். "டிசைன் கம்பெனியோடது. நான் அந்த ஆளாண்ட சொன்னேன். கேக்கல."

"சொன்னேன் சொன்னேங்கியே, அச்சடிச்சது யார் கை?"

லிடியா மெஷினைப் பார்த்தாள். "என் கைதான்" என்றாள்.

"அப்ப நீதான் என்னை எறக்கி வுடணும். அதுவரைக்கும் இங்கனதான் இருப்பேன்."

இருந்தாள். சுருட்டி வைத்த பேனர் துணிகள்மேல் படுத்துக்கொண்டாள். லிடியாவின் சோற்றில் பாதியைத் தின்றாள், மீதியில் உப்பு இல்லை என்றாள். இரண்டு பேருக்கும் ஒரு வார்த்தை நல்லபடியாக நடக்கவில்லை. லிடியா மின்விசிறியைத் தன் பக்கம் திருப்பினால் இவள் தன் பக்கம் திருப்புவாள். மரியஜோசப்புக்கு மட்டும் அவள் இருப்பது பிடித்திருந்தது. மை காயாத பேனரைத் தரையில் விரித்துப் போட்டால் அவள் அதன்மேல் நடந்து போய் நடுவில் இருக்கும் பிழையைப் பார்த்துச் சொல்லுவாள். ஒரு தடம்கூட விழாது. இப்படி ஓர் ஆள் கிடைப்பது அரிது என்று அவர் சொன்னபோது அவள் இன்னும் ஒரு விரல்கடை உயர்ந்தாள். அன்று அதை யாரும் கவனிக்கவில்லை.

பேனரால் வந்ததைப் பேனரால்தான் எடுக்க வேண்டும் என்பதில் இரண்டு பேருக்கும் சந்தேகம் இல்லை. பதினாறாம் தேதி இசக்கிசெல்விக்கு இருபத்தைந்தாவது பிறந்தநாள். லிடியா தனக்குத் தெரிந்த சந்தோஷம் முழுவதையும் அந்தப் பேனரில் இறக்கினாள்: ஊதா வானம், பலூன், கேக், தங்க கிரீடம், சிரிக்கிற படம், சுற்றிலும் நட்சத்திரம். ஒரகடம் சந்திப்பில் அதிகாலையில் கட்டினார்கள். ஒன்பது மணிக்கு இசக்கிசெல்வி ஒரு விரல்கடை இறங்கியிருந்தாள். பத்து மணிக்கு மேல் ஷிப்ட் முடிந்தவர்கள் சந்திப்பைக் கடக்க ஆரம்பித்தார்கள். இருந்திருந்தா இன்னிக்கி இருபத்தஞ்சு, எவ்ளோ ஆசையா இருந்திருக்கும் அந்தப் பொண்ணு என்று நின்று நின்று பார்த்தார்கள். செத்துப்போன தலைவர்களுக்கும் பைக்கில் போய் அடிபட்ட பிள்ளைகளுக்கும் வருஷா வருஷம் பிறந்தநாள் பேனர் வைக்கும் ஊர் இது. அதை லிடியா மறந்திருந்தாள். சாயங்காலம் இசக்கிசெல்வி நாலு விரல்கடை உயரத்தில் இருந்தாள். கடை வாசலின் மேல்கட்டை அவள் தலையில் இடித்தது.

பத்தொன்பதாம் தேதி குன்றத்தூரிலிருந்து ஒருவர் வந்தார். மனைவி முந்தின நாள் இறந்திருந்தாள். கண்ணீர் அஞ்சலி அடிக்க வேண்டும், சீக்கிரம் வேண்டும். லிடியா படத்துக்கு மாலை போட்டுக்கொண்டிருந்தபோது பின்னால் வந்து நின்ற இசக்கிசெல்வி, "அண்ணாச்சி, போடாதீய. நெசமாவே போயிட்டாவளான்னு வீட்டுல போயி இன்னொரு தடவ பாத்துட்டு வாங்க. இவ அச்சடிச்சா உசுரோட இருக்கவளும் செத்துருவா" என்றாள். அந்த மனிதர் அவள் முகத்தையும், பிறகு அவள் காலையும் பார்த்துவிட்டு, படத்தைப் பிடுங்கிக்கொண்டு அழுதபடியே சந்தின் முனையைத் தாண்டி ஓடிப்போனார்.

லிடியாவுக்குப் பொறுமை அறுந்துவிட்டது. நாற்காலி பின்னால் விழ எழுந்தாள். "எந்திரிச்சி போடி வெளிய, சனியனே! பொண்டாட்டிய பறிகொடுத்துட்டு வந்து நிக்கிறான் அந்த ஆளு, அவனாண்ட போய் இன்னா பேச்சு பேசற? நான் உனக்கு இன்னாடி கொறை வெச்சேன்? பத்து நாளா என் சோத்த துன்னுகினு, என் கடையில படுத்துகினு, என் பொழப்பையே நாறடிக்கிறியே, மனுஷிதானா நீ?"

சப் என்று ஒரு சத்தம் கேட்டது. இசக்கிசெல்வியின் செருப்பு டைல்ஸ் தரையில் பட்ட சத்தம். இரண்டு பேரும் குனிந்து பார்த்தார்கள். பிறகு செருப்பு மெல்ல மேலே போக ஆரம்பித்தது.

"இன்னும் ஏசு" என்றாள் இசக்கிசெல்வி.

"போடி... போடி நாயே" என்றாள் லிடியா. செருப்பு மேலே போய்க்கொண்டே இருந்தது. கோபம் இல்லாமல் சொன்ன வசவில் எடை இல்லை. லிடியா யோசித்து, முந்தாநாள் தன் டிபன் பாக்ஸில் இருந்த வஞ்சிர மீனை யார் தின்றது என்ற விஷயத்தை எடுத்தாள். அதில் உண்மையான வருத்தம் இருந்தது. செருப்பு இறங்கியது. அந்த நேரம் பார்த்து டீ கொண்டுவந்தவர் டம்ளர்களை வைத்துவிட்டு, "பாவம் இந்தப் பொண்ணு, தங்கமான பொண்ணு" என்று சொல்லிப் போனார். இசக்கிசெல்வி ஒரேயடியாக மூன்று விரல்கடை எழும்பினாள்.

அன்று முழுக்க லிடியா பழைய வேலைகளைத் திறந்து பார்த்தாள். கம்ப்யூட்டரில் நாலாயிரத்துக்கு மேல் கண்ணீர் அஞ்சலிகள் இருந்தன. சாராயம் காய்ச்சினவன், பெண்டாட்டியை அடித்துத் துரத்தினவன், ஏரியை வளைத்துப் பிளாட் போட்டவன் எல்லோரும் அதில் பாசமிகு, பண்புமிகு, கருணை உள்ளம். ஆயுள் முழுக்க அவன் இவன் என்று பேசப்பட்ட ஆளுக்குக்கூட அதில் 'அவர்' என்றுதான் போட்டிருந்தது. செத்த ஒருவரைத் திட்டி அவள் ஒரு பேனர்கூட அடித்ததில்லை. அப்படி எவரும் கேட்டதும் இல்லை. திட்டி அடித்தவை எல்லாம் மஞ்சள் பேனர்கள், பொதுமக்களுக்கு எச்சரிக்கை என்று தலைப்புப் போட்டவை. அவற்றில் இருந்த அத்தனை பேரும் உயிரோடு இருந்தார்கள்.

மூன்றாவது பேனரின் வாசகத்தை இசக்கிசெல்வியே சொன்னாள், லிடியா அடித்தாள். மஞ்சள் தரை, சிவப்பு எழுத்து. பூ இல்லை, கரை இல்லை. அடையாள அட்டைக்காக எடுத்த படம், எண்ணெய் வழியும் நெற்றியும் பாதி மூடிய கண்ணுமாக, வெட்டாமல் திருத்தாமல். 'பொதுமக்களுக்கு எச்சரிக்கை. படத்தில் உள்ள இசக்கிசெல்வி (25) என்பவள், தான் இறந்துவிட்டதாக நாடகமாடி, ஊரை அழவைத்து, சக தொழிலாளர்களைத் தெருவில் உட்காரவைத்தவள். இவள் பேச்சை யாரும் நம்ப வேண்டாம்.' லிடியா பழக்கத்தில் 'என்பவர்' என்று அடித்துவிட்டு, திரும்பப் போய் 'என்பவள்' என்று மாற்றினாள். அப்புறம் கையை எடுத்துவிட்டாள்.

"இது பொய். பண்ணது அவனுங்க. பழி உனுக்கு. பரசுராமன் இதக் கொண்டாடுவான்."

"மொத பேனர் மட்டும் நெசமாக்கும்? அச்சடி."

"ஊரே காறித் துப்பும்டி."

"துப்பட்டும். ஆணியில பூ மாட்டிட்டுப் போனாரே எங்கப்பா, அதுக்கு இது தேவல."

இருபத்தைந்தாம் தேதி, திங்கட்கிழமை, வைப்பர் கம்பெனிக்கு எதிரே இருந்த காலிமனை வேலியில் அது கட்டப்பட்டது. முதல் பஸ் ஆறு மணிக்கு வந்தது. அன்றைக்கு ஓரங்கட்டிய அதே டிரைவர் படித்துவிட்டு, இவளுக்காகவா நான் பாட்டை நிறுத்தினேன் என்று ஸ்டியரிங்கில் அடித்தார். இரண்டாவது பஸ்ஸில் மாரிசெல்வி இருந்தாள். தன் கட்டிலுக்கு எதிர்க்கட்டிலைப் பார்த்துப் பார்த்து மூன்று வாரமாகச் சோறு இறங்காமல் கிடந்தவள், பேனரைக் கண்டதும் இறங்கிப் போய்ச் செருப்பால் படத்தின் கன்னத்தில் அடித்தாள். அருள்பாண்டியின் பையன்கள் நாலு பேரின் மேல் வழக்கு இருந்தது. அவர்கள் சொன்னதை எழுத முடியாது. ஹாஸ்டல்கார அம்மா தான் மாதாவுக்கு ஏற்றிய மெழுகுவர்த்திகளை எண்ணிச் சொல்லி ஏசினாள். ஆணிகளில் இருந்த குங்குமத்தை, சூடம் கொளுத்தியவர்களே தண்ணீர் ஊற்றிக் கழுவினார்கள். பகல் பன்னிரண்டு மணிக்கு இசக்கிசெல்வி இரண்டு விரல்கடையில் இருந்தாள். இரண்டாம் ஷிப்ட் மாறும் நேரத்தில் ஒரு விரல்கடை. மூன்று மணி பத்து நிமிடத்துக்கு அவள் கை கால் கழுவிவிட்டு உள்ளே வந்தபோது டைல்ஸில் ஈரமான பாதம் ஐந்து விரலோடு விழுந்தது. லிடியா அதைப் பார்த்துவிட்டு, துடைப்பது யாராம் என்று கேட்டாள்.

நாலு மணிக்குப் போன் வந்தது. பெருமாள்சாமி. பேனரின் படம் வள்ளியூர்வரை போயிருந்தது. "ஏட்டி நாசமாப் போறவளே, மானத்த வாங்கிட்டியே" என்று ஆரம்பித்தார். துட்டிக்கு வந்தவர்கள் முகத்தில் எப்படி முழிப்பது, பெற்ற தகப்பனை மூன்றாம் நாள் காரியம் செய்ய வைத்த நீ உருப்படுவாயா, உன் தங்கச்சி மாமனார் வீட்டில் என்ன சொல்லுவேன் என்று மூச்சு விடாமல் திட்டினார். இசக்கிசெல்வி போனை ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்துவிட்டு, செருப்பைக் கழற்றி, இரண்டு பாதத்தையும் தரையில் அழுந்தப் பதித்து உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் கன்னம் நனைந்திருந்தது. இருபத்திரண்டு நிமிடம் கழித்து அவருக்கு மூச்சு வாங்கியது. "சித்திரையில அம்மன் கொடைக்கு வந்து தொலை. வா, வந்ததும் உன் காலை ஒடிக்கேன்" என்று சொல்லி வைத்தார்.

வைப்பர் கம்பெனி அவளைத் திரும்ப எடுக்கவில்லை. ஊரை ஏமாற்றியவளை எப்படி எடுப்பது என்று பரசுராமன் கேட்டார். பழி தன்மேல் இல்லை என்று ஆனபிறகு அவருக்கு ஒரு படி பதவி உயர்வும் வந்தது. எதிர்வேலியில் இருந்த பேனரைப் படமெடுத்துத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பியிருந்தார். அந்த வருஷக் கடைசியில் வந்த நூற்று அறுபது பக்கப் புத்தகத்தின் புதிய பதிப்பில், தமிழ்ப் பகுதியில் மஞ்சளும் சிவப்பும் சேர்ந்தால் சமூகத்தின் ஆழ்ந்த அக்கறையைக் குறிக்கும் என்று நிபுணர் சேர்த்திருந்தார்.

இசக்கிசெல்வி ஒரகடத்தில் வேறொரு கம்பெனியில், பெட்டி அடுக்கும் பிரிவில் சேர்ந்தாள். யாராவது அவளை மெச்சினால் கொஞ்சம் எழும்புவாள், ஏசினால் இறங்குவாள். அதை எல்லோரும், ஒருவருக்குச் சர்க்கரை நோய் இருப்பதைத் தெரிந்துவைத்துக்கொள்வதுபோல் தெரிந்துவைத்துக்கொண்டார்கள். மாரிசெல்வியும் அவளும் குன்றத்தூரில் ஓர் அறை எடுத்தார்கள். மாரிசெல்வி அவளை மன்னிக்கவே இல்லை. அதனால் அந்த அறையில் அவள் ஒருநாளும் மிதக்கவில்லை. பெட்டி தூக்கும் ஃபோர்க்லிப்ட் வண்டி ஓட்டும் சக்திகுமார் அவளிடம் முதன்முதலாகப் பேசியது, "கண்ணு பொட்டையா உனக்கு, வண்டி வர்றது தெரில?" என்றுதான். அவன் ஆறு மாதம் விடாமல் சண்டை போட்டான். பிறகு பெண் கேட்டான்.

மறு வருஷம் ஆவணியில் குன்றத்தூர் மலைக்கோயிலில் கல்யாணம். எந்த விதமான பேனரும் கூடாது என்று இரண்டு வீட்டாரும் பேசிவைத்திருந்தார்கள். லிடியாவுக்கு அழைப்பு வைக்கவில்லை. அவள் வந்திருந்தாள், தூண் ஓரமாக நின்றாள், மணப்பெண்ணும் அவளும் ஒருவரை ஒருவர் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஆனால் கல்யாணத்தில் வாழ்த்தை யார் தடுக்க முடியும்? கெட்டிமேளம் கொட்டி, இருநூறு பேர் ஒரே நேரத்தில் அட்சதையைத் தூவி, நல்லாயிரு தாயி, பதினாறும் பெத்து வாழு என்று வாழ்த்தியதில் இசக்கிசெல்வி மணையிலிருந்து ஒரு முழம் எழும்பிவிட்டாள். தாலியை எடுத்த சக்திகுமாரின் கை அவள் கழுத்துக்கு எட்டவில்லை. ஐயர் நேரம் போகிறது என்றார். பெருமாள்சாமி திட்ட வாயைத் திறந்தார். அன்று பார்த்து அவருக்குக் கோபம் வரவில்லை, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பக்கத்தில் விளக்கோடு நின்ற மாப்பிள்ளையின் அம்மா செந்தாமரை மருமகளை ஏற இறங்கப் பார்த்தாள். கூரைப்புடவை மடிப்பு கலைந்து கிடப்பதையும், தான் ஆசையாகக் கொடுத்தனுப்பிய சிவப்பு வளையலைப் போடாமல் எதையோ மாட்டிக்கொண்டு வந்திருப்பதையும் அப்போதுதான் கண்டாள். "இன்னாடி கோலம் இது? பொடவை கட்டவும் தெரில, பெரியவங்க குடுத்தத மதிக்கவும் தெரில. இத வெச்சிகினு நான் எப்பிடி காலந்தள்ளப் போறேனோ" என்று மனசாரச் சொன்னாள்.

இசக்கிசெல்வி மணையில் வந்து அமர்ந்தாள். சக்திகுமார் மூன்று முடிச்சும் போட்டான். முகூர்த்தம் தவறவில்லை.